சாப்பாட்டு மேஜையில் ஒரு சத்து மாத்திரை

என் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. இன்றைக்கு இதை ஒரே வரியில் எழுதிவிட்டேன். 1997 ஆகஸ்டில் கல்யாணமாகி பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வந்த பிறகு, பதினான்கு மாதம் இந்த ஒரு வரியை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தேன்.

சேலத்தில் எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது தொண்டை வலி வந்தது. அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தாள், வலி போயிற்று. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அடுத்து மணிக்கட்டு. அதற்கப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. தொண்டையில் வந்த கிருமி கிளப்பிவிட்ட காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். அதே கிருமி மறுபடி வந்தால் வால்வு இன்னும் கெடும். வராமலிருக்க வருஷக்கணக்கில் பெனிசிலின் போட்டாக வேண்டும். இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை இடுப்பில் ஊசி. அன்றைக்கு உட்கார முடியாது. மற்றபடி நான் எல்லாப் பெண்களையும் போலத்தான் இருந்தேன். பி.காம். படித்தேன், சினிமாவுக்குப் போனேன், அம்மாவோடு சண்டை போட்டேன்.

அம்மா பெயர் சொர்ணம். அப்பா போன பிறகு என்னைக் கரையேற்றுவது ஒன்றே அவளுக்கு வேலை. நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே டாக்டரிடம் போய், ஊசிக்குப் பதில் மாத்திரை எழுதித் தரச் சொன்னாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை நாட்டுப்பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் எந்த மாமியாருக்குத்தான் சந்தேகம் வராது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வெறும் வயிற்றில் என்று எழுதிக் கொடுத்தார் அவர்.

"ஒரு வேளைகூட விடக் கூடாது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நிறுத்தக் கூடாது. வேறு பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். இன்னொருத்தருக்குக் கொடுக்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்ல வேண்டும்," என்றார்.

அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டை வைத்துக்கொண்டு மீதியைக் காற்றில் விட்டாள். பி காம்ப்ளெக்ஸ் என்று லேபிள் ஒட்டிய ஒரு பழுப்பு பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் நிரப்பினாள். வெள்ளையாக, வட்டமாக, ஒரு பாவமும் அறியாத மாத்திரைகள்.

"யாராவது கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு. பொய்யா அது? உன் உசிருக்கு அதுதானேடி சத்து?"

வக்கீலாகப் போயிருக்க வேண்டியவள் என் அம்மா.

புகுந்த வீட்டில் நாங்கள் நாலே பேர். மாமனார் சேஷகிரி மாநில விவசாயத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஷிமோகா, ஹாசன், தும்கூர் என்று ஊர் ஊராக இருந்ததில் கோபமும் பயமும் அவருக்குக் கன்னடத்தில்தான் வரும். அவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. யாருக்கு எந்த டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும், உடம்பு கொஞ்சம் தேறியதும் மிச்சம் அந்த டப்பாவுக்குள் போய்விடும். அடுத்து யார் இருமினாலும் டப்பா திறக்கும். ஏழு நாள் சாப்பிட வேண்டியதை மூன்றாம் நாள் நிறுத்தி, மிச்ச நாலு நாளை இன்னொருத்தருக்குக் கொடுப்பதை அவர் சாமர்த்தியம் என்று நினைத்தார். அந்த வீட்டில் தனி மாத்திரை என்று ஒன்று கிடையாது. பல் தேய்க்கும் பிரஷ் மட்டும்தான் அவரவருக்கு.

மாமியார் கோமளம் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எனக்குத் தலைவாரிப் பின்னுவாள், என் தட்டில் நெய்யை இரண்டு தடவை விடுவாள், நான் கேட்காமலே என் பீரோவை ஒழுங்குபடுத்துவாள். நான்காம் மாதம் ஒரு நாள் காலையில் புடவைகளுக்கு நடுவே அந்துருண்டை போட வந்தவள் கையில் பாட்டில் சிக்கியது.

"இது என்ன மாத்திரை, வித்யா?"

"சத்து மாத்திரைம்மா. எங்கம்மா குடுத்து விட்டா."

அவள் லேபிளைப் படித்தாள். பிறகு என்னைப் படித்தாள். "குழந்தை இப்போ வேண்டாம்னு ஏதாவது போட்டுக்கறியோ?"

"ஐயோ, இல்லம்மா."

"அப்போ எதுக்குப் பீரோக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கே? மேஜையில வை. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கலாம். எனக்கும்தான் கையும் காலும் ஓயறது."

அவளே கொண்டுபோய் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, காய் நறுக்க உட்கார்ந்தபடி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "எனக்குக் கண்ட மருந்தும் ஒத்துக்காது. ஷிமோகால இருக்கறச்சே ஒரு தடவை பெனிசிலின் ஊசி போட்டா. அஞ்சே நிமிஷம். மூஞ்சி வீங்கி, மூச்சு நின்னே போச்சு. இவர் கன்னடத்துல அலறினது ஆஸ்பத்திரி பூரா கேட்டதாம். இது வெறும் வைட்டமின்தானே, ஒண்ணும் பண்ணாது."

அந்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நாளைக்குக் காலம்பற டிபனுக்கப்புறம் ஆரம்பிக்கலாம்மா," என்றேன். சாயங்காலம் காய் வாங்கப் போகிறேன் என்று பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன்.

"வெள்ளையா, வட்டமா ஏதாவது சத்து மாத்திரை இருக்கா?"

வெள்ளை, வட்டம் என்று நிறமும் வடிவமும் சொல்லி மருந்து கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கால்சியம் மாத்திரை கொடுத்தார். அதைப் பாட்டிலில் நிரப்பி மேஜையில் வைத்தேன். மறுநாளிலிருந்து நாங்கள் நாலு பேரும் பி காம்ப்ளெக்ஸ் பாட்டிலில் இருந்து தினமும் காலை டிபனுக்கப்புறம் கால்சியம் சாப்பிட்டோம். தனக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டதாக மாமனார் பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என் மாத்திரைகளை மாதவிடாய்ப் பஞ்சு பாக்கெட்டுக்குள் வைத்தேன். அந்த வீட்டில் யார் கையும் போகாத இடம் அது ஒன்றுதான். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் முழுங்க வேண்டும். ஒரு மாத்திரை முழுங்க ஒரு வாளித் தண்ணீர் வீண். விருந்தாளி வந்து குளியலறையைப் பிடித்துக்கொண்டால் போச்சு. மூன்று தடவை அப்படித் தவறிவிட்டது. மூன்று தடவையும் மறுநாள் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து தொண்டை சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். எச்சில் முழுங்கும்போது லேசாக உறுத்தினால்கூட மறுபடி கண்ணாடி முன்னால் போய் நிற்பேன். அவர்கள் எல்லாரும் என்மேல் பிரியமாக இருந்தார்கள். அந்தப் பிரியத்துக்கு நடுவில் நான் திருடியைப் போல நடமாடினேன்.

கணவரிடம் ஒரு முறை ஆரம்பித்தேன். ஸ்ரீகண்டன் கோரமங்கலாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார், நல்ல மனுஷன், ஆனால் எதையும் பாதி கேட்பதற்குள் முடிவுக்கு வந்துவிடுவார். "சின்ன வயசுல எனக்கு மூட்டு வலி இருந்தது," என்றேன். "இப்போ இல்லையோன்னோ?" என்றார். "இல்லை," என்றேன். "அப்புறம் என்ன?" என்று பேப்பரைப் பிரித்தார். பாக்கியைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

அம்மா மூன்று மாதத்துக்கு ஒரு முறை தெரிந்தவர்கள் மூலம் பட்சண டின்னின் அடியில் மாத்திரையை வைத்து அனுப்புவாள். பாட்டில் விஷயத்தை அவளிடம் சொல்லத்தான் எனக்கு வழி இல்லை. எனக்கு வரும் கடிதங்களை மாமனார் பிரித்துவிட்டுத்தான் கொடுப்பார், நான் எழுதுவதையும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார். போன் ஹாலில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்.

98-ம் வருஷம் நவராத்திரிக்கு அம்மா வந்தாள். மூன்று மாதத்துக்கான மாத்திரை கொண்டு வந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் பத்துக்கும் குறைவாகத்தான் மிச்சமிருந்தது. ஆனால் இரண்டு நாளும் கோமளம் சம்பந்தியம்மாவை விட்டு ஒரு அடி நகரவில்லை. கொலுவைக் காட்டினாள், கோவிலுக்குக் கூட்டிப் போனாள், தலையணைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைத்தாள். உபசாரம் என்றால் அப்படி ஒரு உபசாரம். கிளம்பும்போது வாசலில் அம்மா என் கையை அழுத்தி, "எல்லாம் வெச்சாச்சு, கவலைப்படாதே," என்று மட்டும் சொன்னாள்.

எங்கே வைத்தாள் என்று தெரியவில்லை. பீரோவில் இல்லை. புதுப் புடவை மடிப்பில் இல்லை. அம்மா கொண்டு வந்த முறுக்கு டின்னில் கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். "அவ்வளவு ஆசையா முறுக்குமேல?" என்று கேட்டுவிட்டு ஒரு தட்டு நிறைய எடுத்துக் கொடுத்தாள் கோமளம். உட்கார்ந்து தின்றேன்.

மறுநாள் காலை எட்டரை மணி. எல்லாரும் இட்லி சாப்பிட்டு முடித்த நேரம். போன் அடித்தது. சேலத்திலிருந்து அம்மா.

"சௌக்கியமா வந்து சேர்ந்தேன்டி. நான் சொல்றதை மட்டும் கேளு, நீ ஒண்ணும் பேசாதே. உன் சாமர்த்தியத்தை நெனச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு. சாப்பாட்டு மேஜையிலேயே பாட்டிலை வெச்சிருக்கியே, யாருக்குச் சந்தேகம் வரும்? நேத்து மத்தியானம் தட்டுப் போடற சாக்குல கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன்."

நான் மேஜையைப் பார்த்தேன். கோமளம் டம்ளரைக் கீழே வைத்து, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போனை வைத்துவிட்டு ஓடினேன். "அம்மா, இன்னிக்கு மாத்திரை வேண்டாமே."

"போட்டுண்டாச்சே. ஏன்?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல என்றுதான் சொன்னேன். பாட்டிலில் மேலே இருந்தவை அம்மா போட்டவை, அடியில் இருந்தவை என்னுடைய கால்சியம். குலுக்கி எடுத்திருந்தால் கால்சியம் வந்திருக்கலாம். கோமளத்துக்குப் பாட்டிலைக் குலுக்கும் பழக்கம் உண்டு. ஆகவே கால்சியமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு கணக்குப் போட்டு என்னை நானே சமாதானம் செய்துகொண்டு நின்றேன். உலகத்தில் உள்ள எல்லாத் தெய்வத்திடமும் அது கால்சியமாக இருக்கட்டும் என்று வேண்டினேன். மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீகண்டன் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும்கூட மாத்திரையைப் போட்டுக்கொண்டுவிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் கோமளத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி இப்படி முறைச்சுப் பாக்கறே?" என்று சிரித்தாள். பிறகு உள்ளங்கையைச் சொறிந்தாள்.

அடுத்து உதடு தடித்தது. "தொண்டைய என்னமோ பண்றது," என்றாள், அவள் குரலே மாறியிருந்தது. மூச்சு விசில் அடித்தது. மாமனார் பிஸ்கட் டப்பாவைத் திறந்து எதையோ தேடினார், கிடைக்காமல், "ஏனாயித்தே, கோமளா, ஏனாயித்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் அலறினார். ஸ்ரீகண்டன் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருந்த தியோடர் டாக்டர் கிளினிக்குக்கு ஓடினார். பின்னால் நான். எனக்குப் பின்னால் மாமனார், ஒழுங்கான மனுஷர், கேட்பார்களே என்று மாத்திரை பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்தார்.

தியோடர் முப்பது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவர். "காலையில புதுசா என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே முதுகில் குழாயை வைத்தார்.

"புதுசா ஒண்ணும் இல்ல டாக்டர். இட்லி, காபி. தினமும் போட்டுக்கற சத்து மாத்திரை," என்றார் ஸ்ரீகண்டன். மாமனார் பாட்டிலை நீட்டினார்.

டாக்டர் லேபிளைப் படித்தார். "இதனால இப்படி வராது," என்று மேஜையில் வைத்தார். "போன வாரமே வீசிங் இருந்துதில்ல? மழை விட்டதும் காலி மனையெல்லாம் பார்த்தீனியம் செடி பூத்துக் கிடக்கு, அந்தப் பூந்தூள் ஆகலை. இந்த வாரம் எத்தனை பேர் இப்படியே வந்தாங்க." நர்ஸைப் பார்த்து மூச்சுக்கான ஊசியின் பெயரைச் சொன்னார்.

ஒரு பொய்யை அம்மா ஒட்டினாள், நான் காப்பாற்றினேன், இப்போது டாக்டரே அதைப் படித்து நம்பிவிட்டார்.

நான் எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நர்ஸ் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்தாள். மருந்தை ஊசியில் ஏற்றினாள். காற்றை வெளியேற்றினாள். அவ்வளவு நேரம். அந்த ஊசியே போதுமானதாக இருந்துவிடாதா, இப்படியே பிழைத்துவிட மாட்டாளா, ஒன்றும் சொல்லாமல் தப்பிக்கலாமே என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமாக நான் அதற்கு முன்னும் நினைத்ததில்லை, பின்னும் நினைத்ததில்லை. பெற்ற பிள்ளை ஒரு பக்கம், கட்டிய புருஷன் ஒரு பக்கம் நிற்க, கோமளத்தின் கை என் புடவைத் தலைப்பைத்தான் பிடித்தது. கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது. நான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் பிடித்தாள்.

"டாக்டர், அது வைட்டமின் இல்ல. பெனிசிலின்."

அவர் திரும்பினார். "என்னது?"

"பாட்டில்ல இருக்கறது பெனிசிலின் மாத்திரை. அம்மாவுக்கு அது ஆகாது."

டாக்டர் நர்ஸின் கையிலிருந்த ஊசியைத் தள்ளிவிட்டு வேறொரு மருந்தைக் கேட்டார். அட்ரினலின். அதைத் தானே வாங்கிக் கோமளத்தின் தொடையில் குத்தினார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொன்னார். கால்களைத் தூக்கி வைக்கச் சொன்னார். அதற்கு நடுவில் தலையை நிமிர்த்தாமலே கேட்டார், "யாரோட மாத்திரை?"

"என்னோடது."

"எதுக்கு?"

"ருமாட்டிக் காய்ச்சல். பதினொரு வயசிலேர்ந்து. இதயத்துல ஒரு வால்வு லீக்."

சின்ன அறை அது. நான் மெதுவாகத்தான் சொன்னேன். சேலத்தில் நாலு சுவருக்குள் பன்னிரண்டு வருஷம் பூட்டி வைத்திருந்தது கேட்க வேண்டிய எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

கோமளத்தின் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நாளும் ஸ்ரீகண்டன் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "எனக்காவது சொல்லியிருக்கலாம்." மூட்டு வலி என்று ஆரம்பித்ததை ஞாபகப்படுத்த நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். சேலத்துக்குப் போன் செய்தபோது அம்மா அழுதாள். மாமனார் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்து ஒவ்வொரு அட்டையாகப் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் எதையும் பெயர் பார்த்துக் கொடுத்ததில்லை. மாலையில் ஹாலில் அப்பாவும் பிள்ளையும் என்னைச் சேலத்துக்கு அனுப்பிவிடுவதா வேண்டாமா என்று பேசினார்கள். எனக்குப் புரியக் கூடாது என்று கன்னடத்தில் பேசினார்கள். பதினான்கு மாதத்தில் எனக்குக் கன்னடம் வந்துவிட்டது என்பதை இருவருமே கவனிக்கவில்லை. முடிவு ஒன்றும் எடுக்கவில்லை, கோமளம் வரட்டும் என்றார்கள்.

அவள் வீட்டுக்கு வந்த அன்று தியோடர் பார்க்க வந்தார். என் மார்பிலும் குழாயை வைத்துக் கேட்டார். மாத்திரை போடும் நேரத்தை விசாரித்தார், காலை ஆறு, மாலை ஆறு என்றேன். பெரிய கெடுதல் இல்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தவே கூடாது, குழந்தை பெற்றுக்கொள்ளலாம், அதற்கு முன் இதய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். "இந்தப் பொண்ணு வாயைத் திறக்கலைன்னா நான் வேற வைத்தியம் பண்ணியிருப்பேன், கோமளம்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். கோமளம் என்னைப் பார்க்கவில்லை.

நான் சமையலறைக்குப் போய் நின்றேன். பெட்டியை எப்போது கட்ட ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அழுகை வரவில்லை. பயந்து பயந்து கிடந்தது முடிந்ததே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"வித்யா, இங்க வா. மணி ஆறாச்சு."

கூடத்துக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். உதட்டில் இன்னும் கொஞ்சம் வீக்கம். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். மடியில் மருந்துக் கடைக் காகித உறை. தியோடர் எழுதிக்கொடுத்ததை மாமனாரை விட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். உறைமேல் சிவப்பு மசியில், தமிழிலும் கன்னடத்திலும், 'வித்யாவுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. உறையைக் கட்டில் ஓரத்தில் வைத்து, மாத்திரையைத் தான் தொடாமல் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்றைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டேன்.

"முழுங்கினியா?"

"முழுங்கிட்டேம்மா."

"வாயைத் திற."

திறந்து காட்டினேன். எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் உன்னை அப்படியா வெச்சிருந்தேன்?"

என்ன துணிச்சலோ, கேட்டுவிட்டேன். "சொல்லியிருந்தா உங்க பிள்ளைக்குப் பண்ணிண்டிருப்பேளாம்மா?"

கோமளம் பொய் சொல்லத் தெரியாதவள், யோசித்துப் பார்த்தாள்.

"மாட்டேன்," என்றாள்.

பிறகு பீரோக் கதவைத் திறந்து, உறையை ஓரத்தில் பிடித்துக் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னாள். "இந்த ஆத்துல நீ இருக்கற வரைக்கும் ஒரு வேளை தப்பக் கூடாது. காலம்பற ஆறு மணிக்கு நானே எழுப்பறேன்." பீரோவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.